மஞ்சள் பூசிய கண்மாய்

2025, ஜூன் 17. செவ்வாய்க்கிழமை.

மதுரையின் அடுத்த இருபது ஆண்டுகளை வரையும் பொறுப்பேற்றவர்கள், தண்ணீர் கிடந்த ஒரு கண்மாய்க்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள்.

வரைபடத்தில் நீலம் என்றால் நீர்நிலை. மஞ்சள் என்றால் குடியிருப்பு.

நீலம் ஏன் மஞ்சளாயிற்று என்று கேட்ட நில அளவர் முத்துக்குமரன், இரண்டு வாரமாக வீடு திரும்பவில்லை.

அதே கேள்வியை நேற்று மாலை கேட்டவள் பவதாரிணி.

இதோ... செங்குளவிக் கண்மாயின் மோட்டார் அறைக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறாள்!

'ட்ரிங்... ட்ரிங்...'

ஒலித்தது அவளுடைய கைப்பேசி. ஆனால், அது இருந்தது வேறொருவனின் சட்டைப்பையில்.

"அண்ணே... போனக் குடுங்கண்ணே. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுத் தந்துர்றேன்."

கம்பி போட்ட சன்னலுக்கு வெளியே, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்த காவலாள் அழகுபாண்டி திரும்பினான். நாற்பது வயது. கழுத்தில் ஈரத்துண்டு. முகத்தில் தூக்கக் கலக்கம்.

"மேடம், நான் சம்பளத்துக்கு நிக்கிற ஆளு. பாண்டிராஜ் அண்ணே சொல்லாம கதவும் தொறக்காது, போனும் பேசாது."

"கூப்புடுறது யாருன்னாவது பாத்துச் சொல்லுங்க."

"'ஒச்சம்மாள், பாசனச் சங்கம்'னு வருது. ஆத்தாடி! அந்தம்மாவா? அது நேர்ல பேசுனாலே ரெண்டு நாளைக்குக் காது வலிக்கும்!"

அழைப்பு நின்றது.

பவதாரிணி கம்பியைப் பற்றியபடியே நின்றாள். முப்பத்து நான்கு வயது. நகர்த் திட்டக் குழுவின் உதவி அலுவலர். கோச்சடையில் தனியாக வாடகை வீடு. இரவு வரவில்லையே என்று தேடுவதற்கு, அந்த வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

அறைக்குச் சன்னல் ஒன்று. இரும்புக் கதவு ஒன்று. கரைக்குக் கீழே, கண்மாயின் உட்புறத்தில், பாதி மண்ணில் புதைந்தாற்போல் கட்டிய பழைய அறை. கரைமேல் வரிசையாக டீசல் எஞ்சின்கள் அலறிக்கொண்டிருந்தன. அவள் கத்திய கத்தலெல்லாம் அந்த இரைச்சலில் கரைந்து போயிற்று.

எஞ்சின்கள் எதற்கு?

கண்மாயைக் காலி செய்வதற்கு!

சென்னையிலிருந்து விசாரணை அலுவலர் சாயிரா பானு இன்று காலை பத்தரை மணிக்கு வருகிறார். 'இங்கே கண்மாயே இல்லை. வறண்ட தரிசு' என்று திட்டக் குழு எழுதியிருப்பது உண்மைதானா என்று நேரில் பார்க்க வருகிறார். பார்த்து, தலையசைத்து, திரும்பிவிட்டால்... மஞ்சள் அரசாணையாகும். இருபது ஆண்டுகளுக்கு எவரும் அசைக்க முடியாது. இந்தத் தண்ணீரை நம்பிய நான்கு ஊர்களின் வயல்கள் அத்துடன் முடிந்தன.

வரைபடத்தில் வண்ணம் பூசுவது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கன்று. தூரிகையின் ஒரு வீச்சில் ஓர் ஊரின் நெல் சாகும். மறு வீச்சில் ஒருவனுடைய வங்கிக் கணக்குக் கொழுக்கும்!

இங்கே கொழுக்கக் காத்திருந்தவன், மனை வியாபாரி பாண்டிராஜ். 'பொற்கயல் நகர்' என்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் விளம்பரப் பலகைகூட வைத்துவிட்டான்.

"அண்ணே, நான் இங்க இருக்கேன்னு எங்க நல்லகாமன் சாருக்கு மட்டும் சொல்லுங்க. நேத்து இங்க கெளம்பும்போது அவருகிட்ட மட்டுந்தான் சொல்லிட்டு வந்தேன். அவரு வந்துட்டாருன்னா..."

"யாரு, அந்தப் பெரிய ஆபீசரா?" அழகுபாண்டி எழுந்தான். "அந்தா வாராரே!"

பவதாரிணியின் நெஞ்சு துள்ளியது.

கரைமேல் ஜீப் ஒன்று நின்றது. இறங்கியவர் திட்டக் குழுவின் தலைமை அலுவலர் நல்லகாமன்! ஐம்பத்தொன்பது வயது. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாதவர். பவதாரிணிக்கு வரைபடம் படிக்கக் கற்றுத் தந்தவர்.

"சார்...! சார்! இங்க! கீழ பாருங்க சார்!"

அவர் கீழே பார்த்தார்.

அவளை அல்ல. கண்மாயை!

பார்த்த கணத்தில் அவர் முகம் வெளிறிப்போனது. ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலேயே புல்லட்டில் வந்து இறங்கினான் பாண்டிராஜ். விரல்களில் மோதிரங்கள். வாயில் சிரிப்பு.

"எப்புடி சார் நம்ம வேலை? மூணு நாள்ல கண்மாய வழிச்சு எடுத்துட்டேன்ல?"

"அடப்பாவி...!" நல்லகாமனின் குரல் எஞ்சின் இரைச்சலையும் மீறியது. "யாரக் கேட்டுய்யா தண்ணிய எடுத்த?"

"என்ன சார் இப்புடிக் கேக்குறீங்க? நீங்கதான வறண்ட நெலம்னு எழுதுனீங்க? எழுதுன மாதிரியே வறட்டிட்டேன்!"

"நான் எழுதுனா எழுதுனதோட இருய்யா! சென்னையில இருந்து வர்ற அம்மாவக் கெழக்குக் கரையில நிப்பாட்டி, நாணலக் காட்டிப் பேசி அனுப்பிருப்பேன். ஒன்ன எவன் வறட்டச் சொன்னது?"

"அதுல என்ன சார் இம்புட்டு டென்ஷன்? தண்ணி இல்லாட்டி நமக்கு நல்லதுதான?"

நல்லகாமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் கண் ஒரே இடத்தில் நின்றது. மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில்.

"அந்த மடைப்பள்ளத்துலயும்... எறங்கிருச்சா?"

"இல்ல சார். இன்னும் இடுப்பளவு கெடக்கு. மத்தியானத்துக்குள்ள அதையும் உறிஞ்சிருவோம்."

"வேணாம்! அதத் தொடாத! ஆபீசர் போன கையோட மண் லாரியெல்லாம் வரணும். மொத லோடு அந்தப் பள்ளத்துல விழணும். வெளங்குதா? மோட்டார் ரூம் சாவி எங்க?"

"இந்தா. அந்தப் புள்ளைய எப்ப சார் விடுறது?"

"அத நான் பாத்துக்கிறேன்."

சன்னலுக்கு நேர் மேலே நின்று அவர்கள் கத்திப் பேசியதெல்லாம் பவதாரிணிக்குக் கேட்டது.

இவரா? இவரா!

நேற்று அவள் சொல்லிவிட்டு வந்த ஒரே ஆள். அவளைப் பூட்டச் சொன்னதும் அந்த ஒரே ஆள்தான்!

நல்லகாமன் தனியாகச் சரிவில் இறங்கி வந்தார். அழகுபாண்டியைக் கையசைத்து விலக்கினார். சன்னல் கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"சாப்டியாம்மா?"

"சார்... நீங்களா சார்?"

"நாலு மாசத்துல ரிட்டயர்டு ஆகப்போறேன் பவா. ஒன்னய நல்லா வளத்துவிட்டேன். மேல வரணும்னு ஆசப்பட்டேன். நீ ஏம்மா கள ஆய்வுக்கெல்லாம் நேர்ல வர்ற? நம்ம ஆபீஸ்ல ஏசி நல்லாத்தான ஓடுது?"

"கண்மாயில தண்ணி இருக்குன்னு என் கண்ணால பாத்தேன் சார். இன்னிக்கு அந்த மேடத்துக்கிட்ட அதச் சொல்லுவேன்."

"முத்துக்குமரனும் இதத்தான் சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னார். சிரிக்கவில்லை. மிரட்டவில்லை. வகுப்பில் பெயர் வாசிப்பவரைப் போலச் சொன்னார்.

"அவரு... அவரு எங்க சார்?"

"ரெண்டாவது லோடு மண்ணு இந்த ரூம் மேல விழும். கதவு இரும்பு. சன்னல் சின்னது. பயப்படாத... ரொம்ப நேரம் ஆகாது."

திரும்பினார். மடிப்புக் கலையாத முதுகு கரையேறிப் போயிற்று.

சென்னை அலுவலரை எதிர்கொண்டு அழைத்துவர, ஜீப்பும் புல்லட்டும் கிழக்குக் கரை வழியே கிளம்பின.

பவதாரிணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சுவர் ஈரமாக இருந்தது. கூரை தாழ்ந்திருந்தது. இந்தக் கூரைமேல் ஒரு லாரி மண்... சன்னலை அடைக்க அரை லாரி போதும்!

அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. எழுந்தாள்.

"அண்ணே! அவரு என்ன சொன்னாரு தெரியுமா? என்னைய உள்ள வச்சே மண்ணள்ளிக் கொட்டப் போறாரு!"

"சும்மா பயங்காட்டுவாக மேடம்."

"அப்ப சாவிய ஏன் கையோட கொண்டு போறாரு? நாளைக்குப் போலீசு கேட்டா, ராத்திரி பூராக் காவல் இருந்தது யாருன்னு சொல்லுவாரு? தன் பேரையா சொல்லுவாரு?"

அழகுபாண்டியின் வாய் பிளந்தது. மூடவில்லை.

"மேடம்... நான் புள்ளகுட்டிக்காரன் மேடம்! கொலைக்கெல்லாம் நான் ஒத்துக்கல!"

"கதவ ஒடைங்க."

"இந்தக் கதவையா? கடப்பாரை இல்லாம ஒரு இஞ்சு அசையாது."

"போலீசுக்கு அடிங்க."

"நல்லாச் சொன்னீங்க! வந்த ஒடனே மொத விலங்கு என் கையிலதான். அப்பறம்தான் என்ன ஏதுன்னே கேப்பாக!"

பொழுது ஏறிக்கொண்டிருந்தது. சேற்று நீரில் 'சளக்'கென்று ஏதோ துள்ளியது. மறுபடியும் துள்ளியது. அழகுபாண்டியின் கழுத்து, உயிர்பயத்துக்கு நடுவிலும், அந்தப் பக்கம் திரும்பியது.

பவதாரிணி அதைக் கவனித்தாள்.

மடைப்பள்ளம் முழுவதும் மீன்! பெரிய கண்மாயில் விரவிக் கிடந்தவையெல்லாம் தண்ணீர் வற்ற வற்ற அந்த ஒரே குழிக்குள் வந்து நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. வெள்ளி முதுகுகள் வெயிலில் மின்னின.

அவள் மூளைக்குள்ளும் ஏதோ மின்னியது.

"அண்ணே... அது விரால்தான?"

"விராலா? தொடைத் தண்டி இருக்கு மேடம்! அந்தா பாருங்க, கெளுத்தி. அம்புட்டும் ஜிலேபிக் கெண்டை. ஓரத்துல அயிரை நெளியுது. இத அப்புடியே மண்ணப் போட்டு மூடப் போறானுகளே... பாவிக!"

"ஒங்க மாமியா ஊரு எது?"

"திருமங்கலத்துக்குப் பக்கம். எதுக்குக் கேக்குறீங்க?"

"அங்க மீன்பிடின்னா சனம் வருமா?"

"என்ன இப்புடிக் கேட்டுட்டீங்க! கண்மாய் வத்திருச்சு, மீனுக்கு விடுறாகன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தவன்கூட எந்திரிச்சு வந்துருவான்!"

"போலீசு வேணாம். மாமியா ஊருக்குப் போன் அடிங்க."

அழகுபாண்டி அவளையே பார்த்தான். பிறகு மீனைப் பார்த்தான். பிறகு தன் கைப்பேசியை எடுத்தான். இதற்குச் சிறை கிடையாதே!

"ஏய் மாப்ள! தூங்குனது போதும், எந்திரிடா! செங்குளவியில தண்ணி வத்திருச்சு. விராலு துள்ளுது. ஊத்தாவத் தூக்கிட்டு ஓடியா! யாருக்கிட்டயும் சொல்லிராத!"

யாரிடமும் சொல்லாதே என்று சொன்ன செய்தி, எவ்வளவு விரைவாக ஊர் சுற்றும் என்பதை மதுரைச் சீமையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது மைத்துனன் வீட்டிலிருந்து மைத்துனன் தெருவுக்குப் போயிற்று. தெருவிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குத் தாவியது. அங்கிருந்து கப்பலூர்ப் பட்டறைகளின் காலை ஷிப்டுக்குள் புகுந்தது. ஷிப்டு காலியாயிற்று!

ஒன்பது மணிக்கு முதல் லோடு வேன் வந்தது.

பிறகு அவை நிற்கவே இல்லை.

வேன்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள், ஒரு வண்டிக்கு மூவராக மோட்டார் சைக்கிள்கள். ஆணும் பெண்ணுமாக இறங்கினார்கள். கைகளில் வலை; தலையில் ஊத்தா. அடிப்பாகம் இல்லாத மூங்கில் கூடைதான் ஊத்தா. சேற்றில் கவிழ்த்து, உள்ளே சிக்கிய மீனை மேல்வாய் வழியாகக் கைவிட்டு அள்ளுவார்கள்.

கரை முழுக்கச் சனம்!

ஆனால், ஒரு கால்கூட உள்ளே இறங்கவில்லை.

அதுதான் அந்தச் சீமையின் வழக்கம். கண்மாய்க்குப் பொறுப்பானவர் கரைமேல் நின்று துண்டை வீச வேண்டும். வீசும்வரை, மீன் காலடியில் துள்ளினாலும், ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

துண்டு இருந்தது ஒச்சம்மாள் தோளில்.

ஐம்பது வயது. பச்சைத் துண்டு. பாசனச் சங்கத் தலைவி. மூன்று நாளாக ஊரில் இல்லாதவள், தன்னைக் கேளாமல் கண்மாயை வற்றவிட்டவன் எவன் என்று கேட்டபடியே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எவன்டா மோட்டாரு போட்டவன்? எம் முன்னால வாங்கடா! இந்தா, ஒரு பய எறங்கக் கூடாது! ஆபீசர் அம்மா வாராக. அவுக பாக்கட்டும், இது கண்மாயா காஞ்ச காடான்னு!"

சன்னலிலிருந்து பவதாரிணி உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

"ஒச்சம்மா...! ஒச்சம்மா...!"

எஞ்சின்கள் அந்தக் குரலைத் தின்றன. காவல் இருந்தவன் என்று பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அழகுபாண்டி சன்னலடியில் பதுங்கியிருந்தான்.

சரியாக அப்போது, கிழக்குக் கரையில் அரசுக் கார் வந்து நின்றது; பின்னாலேயே ஜீப்பும் புல்லட்டும். அதற்குமேல் நகர வழியில்லை. சாயிரா பானு இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் அணிந்து பார்த்தார்.

"மிஸ்டர் நல்லகாமன்... வறண்ட தரிசு நிலம்னு எழுதியிருக்கீங்க. இத்தனை பேர் கையில எதுக்குக் கூடை?"

நல்லகாமன் சிரிக்க முயன்றார். "ஏதோ... கோயில் விசேஷம் மேடம். வாங்க, நிழல்ல உக்காந்து மேப் பாத்துரலாம்."

"மேப்பை சென்னையிலேயே பார்த்துட்டேன். நிலத்தைப் பார்க்கத்தான் வந்தேன்."

நடந்தார். கூட்டம் வழிவிட்டது. நல்லகாமனும் பாண்டிராஜும் பின்னால் ஓடினார்கள். மடைக்குமேல், ஒச்சம்மாளுக்கு எதிரே, சாயிரா பானு நின்றார்.

ஒச்சம்மாள் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கம்மா. கீழ கெடக்கது தரிசுன்னா, துண்ட என் கையிலயே திருப்பிக் குடுங்க. கண்மாய்னா வீசுங்க. நீங்க சொன்னாச் சரி!"

சாயிரா பானு துண்டை வாங்கினார்.

"வீசாதீங்க மேடம்...!"

அலறியவர் நல்லகாமன். மடிப்பெல்லாம் கலைந்திருந்தது!

"ஏன்?"

"அது... பள்ளம் மேடம்! ரொம்ப ஆழம்! சனம் முங்கிச் செத்துரும்!"

"வறண்ட நிலத்திலயா, மிஸ்டர் நல்லகாமன்?"

சாயிரா பானு துண்டை உயர்த்தினார்.

வீசினார்!

'ஓ'வென்று வானம் கிழிந்தது. கரை அப்படியே கண்மாய்க்குள் சரிந்ததுபோல் சனம் பாய்ந்தது. அழகுபாண்டி மட்டும் பாயவில்லை. முதலில் கரையேறி எஞ்சின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். குழாயில் மீன் அரைபடுவதை அவனால் பொறுக்க முடியவில்லை. கடைசி எஞ்சினும் அடங்கியதும், கவிழ்த்த வாளியை எடுத்துக்கொண்டு அவனும் குதித்தான்!

இரைச்சல் அற்றது. அந்த இடைவெளியில்...

"ஒச்சம்மா...! நான் இங்க இருக்கேன்...! மோட்டார் ரூமுல...!"

ஒச்சம்மாள் திரும்பினாள். "அடி ஆத்தி! நம்ம திட்டத்துப் புள்ளையில்ல அது? கடப்பாரையக் கொண்டாங்கடா!"

இரண்டு பேர் கடப்பாரையோடு கதவை நோக்கி ஓடினார்கள். கதவு முனகியது. பெயர்ந்தது. பவதாரிணி வெயிலுக்குள் வந்து விழுந்தாள்.

"மேடம்... இவருதான் மேடம் பூட்டச் சொன்னாரு! சாவிகூட இவரு பையிலதான்..."

அவள் முடிக்கவில்லை.

மடைப்பள்ளத்திலிருந்து ஓர் அலறல்!

ஒருவர் கவிழ்த்த ஊத்தா மீனில் இறங்கவில்லை. இரும்பில் மோதியிருந்தது. கைவிட்டு இழுத்தார். சேறு வழிய மேலே வந்தது ஸ்கூட்டரின் கைப்பிடி. அத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய சாக்கு. சாக்கின் கிழிசலில், நில அளவரின் மஞ்சள் அளவு நாடா...

அருகில் நின்றவர்கள் ஊத்தாவைக் கீழே போட்டார்கள்.

மீனும் ஆழமான இடத்தைத்தான் தேடும். கொலைகாரனும் ஆழமான இடத்தைத்தான் தேடுவான். இருவருக்கும் அந்தக் கண்மாயில் கிடைத்தது ஒரே இடம்!

"முத்துக்குமரன் வண்டி..." பவதாரிணி கைப்பிடியைச் சுட்டினாள். "அதான்... அதான் நல்லகாமன் சார் தண்ணி எறங்கிருச்சேன்னு பதறுனாரு!"

பாண்டிராஜ் இரண்டடி பின்வாங்கினான். மோதிரக் கைகள் இரண்டும் தலைமேல் ஏறின.

"சார்...! என்ன சார் இது? நெலத்துக்குத்தான சார் நான் கூட்டு? கொலைக்குமா? சொல்லிருந்தா ஒரு சொட்டுத் தண்ணி எடுத்துருப்பேனா?"

நல்லகாமன் ஓடினார்!

ஜீப்பில் ஏறினார். முன்னால் வேன். பின்னால் டிராக்டர். இடப்புறம் சேறு. வலப்புறம் முள். ஆரன் அடித்தார். யார் நகர்வார்கள்? ஓட்டுநர்களெல்லாம் கண்மாய்க்குள் விரால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்!

இறங்கி, கரைமேல் ஓடினார். எதிரே ஊத்தாக்கள். திரும்பினார். எதிரே பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள். வரைபடத்தில் இதே கரையின்மீது அவரே தம் கையால் அறுபதடிச் சாலை வரைந்திருந்தார். தரையில் இருந்ததோ ஒரு வண்டி போகும் கரை!

ஒச்சம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று உரக்கச் சொன்னாள்:

"ஏன் சார் இங்க முட்டுறீங்க? ஒங்க மேப்புல இருக்க ரோட்டுல ஓட வேண்டியதுதான?"

சேற்றுக்குள் நின்ற சனமெல்லாம் சிரித்தது. பவதாரிணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயிரா பானு துண்டை மடித்து ஒச்சம்மாளிடம் தந்தார். காவல் நிலையத்துக்குப் பேசினார். பிறகு பவதாரிணியின் தோளைத் தொட்டார்.

"உங்க சாட்சியத்தை நாளைக்குப் பதிவு பண்ணிக்கலாம். முதல்ல ஏதாவது சாப்பிடுங்க."

அழகுபாண்டி வாளியோடு வந்து நின்றான். உள்ளே ஒரு விரால் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், பெருசு ஒங்களுக்குத்தான். போலீசு வந்து கேட்டா... நான் போன் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அன்பான வாசகரே! நீங்கள் குடியிருக்கும் ஊருக்கும் இருபது ஆண்டுகளுக்கான வரைபடம் ஒன்று எங்கோ ஒரு மேசைமேல் விரிந்து கிடக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய் அதில் என்ன வண்ணம் என்று நாளைக் காலையிலேயே நேரில் போய்க் கேளுங்கள். 'மஞ்சள்' என்று சொல்லி எவராவது சிரித்தால், வாதாடிக் கொண்டிருக்காதீர்கள்...

வீட்டுக்கு வந்து ஊத்தாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மறவாமல், ஊரில் ஒருவரிடம் சொல்லுங்கள்... 'யாரிடமும் சொல்லாதே' என்று!